வெள்ளிக்கிழமை முறை

மகனே,

நீ இன்னும் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாய். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த இந்த ரிசார்ட்டில், நமக்குக் கொடுத்த அறையின் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூட்ட அறையின் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆனாலும் மைக்கில் உன் குரல் இதுவரைக்கும் வருகிறது. மனநல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள், வருகிற நோயாளியின் ஊரையும் பேச்சையும் பழக்கத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது, நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கிற சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் பாடம் நடத்துகிறாய். காலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டேன். நன்றாகப் பேசினாய். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முழுக்கச் சண்டைதான் என்று நினைத்துவிடுவாய். சண்டைதான். ஆனாலும் நன்றாகப் பேசினாய்.

நீ வெளியே வரும்போது நான் அறையில் இருக்க மாட்டேன். பதறாதே, பிரஷர் மாத்திரை போட்டாயிற்று, போனிலும் சார்ஜ் இருக்கிறது. எங்கே போயிருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குப் புறப்படுகிறாய். அங்கே பல ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து இந்தப் பயிற்சியை நீதான் நடத்தப்போகிறாய் என்று படூரில் நம் குடியிருப்பு முழுக்கச் சொல்லி ஸ்வீட் கொடுத்தவள் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. நாளைக் காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் கடைசி ரவுண்ட்ஸ். அதில் உன் வார்டில் இருக்கிற சேகரை வீட்டுக்கு அனுப்புவதா, வேலூருக்கும் அந்தப் பக்கம் இருக்கிற காப்பகத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறாய். நேரில் பேசினால் எழுந்து போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் தூக்கிப் போட்டாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை நம் வீட்டுக்கு வந்தாள் அல்லவா, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நீதான் கதவைத் திறந்தாய். யாரோ வேலை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டாய். அவள் கருங்குழியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது நாவலூர் பக்கம் ஒரு குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள் என்பதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே. அவள் என்னைப் பார்த்ததும் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாடி, வாசப்படியிலயே நிக்க வச்சிகினு கீற, உள்ள கூப்ட மாட்டியா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். பாசத்தில் இழுத்தேன் என்று அவள் நினைத்திருப்பாள். எதிர் ஃபிளாட் அம்மாள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் இழுத்தேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் சொன்னது இதுதான். கருங்குழியில் நான் பிறந்த வீட்டுக்கு நேர் எதிர் வீடு சேகருடையது. பெயின்டர். அவன் அம்மா போன பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று, பிறகு நிதானம் போயிற்று. ராப்பகலாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளை நிறுத்தி டிராஃபிக் கட்டுப்படுத்தியிருக்கிறான். பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தெருக்காரர்கள்தான் ஆட்டோவில் ஏற்றி உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது தேறிவிட்டான். வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். ஆனால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காப்பகம் என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரே ஆளுக்கு எங்க போறது? எல்லாருக்கும் வேல கீதே. அவன் பொண்டாட்டியாண்ட போய்க் கேட்டா, அண்ணன் வுட மாட்றான்னு அழுவுது. உம் புள்ளதான் அங்க பெரிய டாக்டருன்னு நேத்துதான் தெரிஞ்சிது. நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நீ உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் போனபிறகு வெளியே வந்து, "அம்மா, கேஸ் பத்தி வீட்ல பேசக்கூடாது. அது ரூல்" என்றாய். சரிதான். நோயாளி விஷயத்தை நீ என்னிடம் சொல்லக்கூடாது, நானும் கேட்கவில்லை. ஆனால் தெருவே வந்து என்னிடம் சொன்ன பிறகு நான் எந்தக் காதை மூடிக்கொள்வது? "அவங்க எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கிறாங்கடா" என்றேன். "தெரு கையெழுத்துப் போடுமா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் விடாமல் பேசப்பேச உனக்கு முகம் சிவந்தது. கடைசியில் சொன்னாய்: "நீ அவங்களுக்காகப் பேசறம்மா. நம்ம ஆளுங்கன்றதால பேசற. இதுக்குப் பேருதான் சாய்வு. இதத்தான் நான் ஊர் ஊரா போய் சொல்லிட்டிருக்கேன்."

தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், எத்தனை தாசில்தார்களுக்குப் பதில் சொன்னவள், பெற்ற பிள்ளையிடம் பேச்சை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். ஒருவேளை நீ சொல்வது உண்மையோ என்று திங்கட்கிழமை முழுக்க யோசித்தேன். உண்மையா என்று பார்த்துவிடலாமென்று செவ்வாய்க்கிழமை, உன்னிடம் சொல்லாமல், செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமை நீ அவுட்-பேஷன்ட் பார்க்கும் நாள், வார்டு பக்கம் வரமாட்டாய் என்று தெரிந்துதான் போனேன். அதையும் ஒளிக்கவில்லை.

அங்கே ஆண்கள் வார்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதே, நோயாளியோடு வந்தவர்கள் உட்கார, அங்கே உட்கார்ந்தேன். திறந்த ஜன்னல் வழியாகச் சேகரின் கட்டில் தெரிந்தது, பேச்சும் கேட்டது. செவ்வாய் அஞ்சலையின் வார லீவு. அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள், காலடியில் ஒரு நீல வயர்க்கூடை. அதில் டிபன் பாக்ஸ், துண்டு, சீப்பு, தேங்காய் எண்ணெய், ஒரு சொம்பு. சேகருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "இன்னாடா மூஞ்சி இது, தேஞ்சு போன செருப்பு மாரி. ஒழுங்கா துன்னாத்தான வூட்டுக்கு அனுப்புவாங்க" என்று வைதுகொண்டிருந்தாள். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. உங்கள் ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கர் பெண் அந்தப் பக்கம் வந்து, "பேஷன்ட்டை இப்படி அவமானப்படுத்தாதீங்க" என்றாள். நல்ல பெண்தான், பாவம், தெற்கத்திப் பேச்சு, மெல்லப் பேசிப் பழகியவள். அஞ்சலை திருதிருவென்று விழித்தாள். தான் எப்போது யாரை அவமானப்படுத்தினோம் என்று அவளுக்குப் புரியவே இல்லை. வீட்டுச் சூழல் கடுமையானது, வசவு அதிகம் என்று உங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டதாக அஞ்சலை சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாயங்காலம் அவளோடு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே குமார் என்று ஒரு பையன், மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் முடிந்து வந்து காத்திருந்தான். அவள் கூடையை அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "மத்தியானம் சோறு பாதிதான் துன்னான். புது மாத்திர போட்டதுலேர்ந்து தூங்கித் தூங்கி விழுறான், கையி நடுங்குது. நாளைக்கு டாக்டராண்ட சொல்லு, மறந்துடாத" என்றாள். அவனும் "கையி எந்தக் கையி? ரெண்டுமா?" என்று கேட்டுக்கொண்டான். நர்சுகள் ஷிப்ட் மாறும்போது ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நீ சின்ன டாக்டராக இருந்தபோது எனக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அதுதான் நடந்தது.

புதன்கிழமையும் போனேன். அதே கூடை, அதே ஸ்டூல், ஆள்தான் வேறு. குமார் கட்டில் பக்கத்தில் நின்று, உன்னுடைய ஜூனியர் டாக்டரிடம், "சார், நேத்து அவனுக்குக் கை நடுங்குச்சு, சோறு எறங்கல" என்றான். அந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நேத்து நீங்க வரவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அஞ்சலக்கா சொல்லிச்சு சார்." "அவங்க யாரு? நீங்க யாரு இவருக்கு?" "பின்னாடி தெருங்க. அது எதுத்தாப்புல வூட்டுக்குப் பக்கத்து வூடு." டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "தினம் ஒரு ஆள் வர்றீங்க, யாருக்கும் முழுசா எதுவும் தெரியல. சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சேகரின் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கொட்டகையிலிருந்து எழுந்து உள்ளே போயிருப்பேன். உன் அம்மா என்று தெரிந்துவிட்டால் உனக்குச் சங்கடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ அந்தத் தெருவில் வளரவில்லை, வளர விடவில்லை நான். அதனால் விளக்கிச் சொல்கிறேன். அங்கே எல்லோருக்கும் வேலை உண்டு, யாருக்கும் லீவு கிடையாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதுவும் ஆளுக்கு ஒரு நாள். ஹவுஸ்கீப்பிங்குக்குச் செவ்வாய், குமாருக்குக் கம்பெனியில் மின்சாரம் நிறுத்தி லீவு விடுகிற புதன், பொத்தேரியில் காலேஜ் பக்கம் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறவளுக்கு ஞாயிறு, செக்யூரிட்டி வேலை பார்க்கிற பாபுவுக்கு வெள்ளி. அந்த லீவு நாட்களைத்தான் வரிசையாக அடுக்கிச் சேகர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். துணி துவைக்க, குழந்தையைப் பார்க்க, கால் நீட்டிப் படுக்க என்று வாரத்துக்கு இருக்கிற ஒரே நாளை உன் வார்டு ஸ்டூலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது தினம் ஒரு புது முகம். பொறுப்பில்லாத கூட்டம், யாருக்கும் அக்கறையில்லை, வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறீர்கள். மாதச் சம்பளத்தில் லீவு போட்டுவிட்டு வரக்கூடிய வீடுகளில்தான் ஒரே ஆள் வந்து உட்கார முடியும். அந்த ஒரே ஆளைத்தான் நீங்கள் குடும்பம் என்கிறீர்கள்.

ஒரே ஆளின் லட்சணத்தை நான் சொல்கிறேன், கேள். உன் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனபோது நீ மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை என்று உன்னிடம் பாதிதான் சொன்னேன், கருங்குழியில் யாரிடமும் சொல்லவே இல்லை. கூட்டமாக வந்து ஆஸ்பத்திரி காரிடாரில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் பேசுவார்கள், பக்கத்து ரூம்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று வெட்கம். நான் ஒருத்தியே இருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், "ஒரே ஆளா இருந்து எவ்வளவு பொறுப்பா பாத்துக்கிறாங்க, இப்படித்தான் இருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது உன் அப்பா டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டக் கட்டிலை விட்டு இறங்கி, என்னை எழுப்பத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தலை சுற்றி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் பொறுப்பானவள் என்று உங்கள் புத்தகப்படி முழு மார்க் வாங்கியவள். அஞ்சலை கூட்டம் ஒரு நாள்கூட அந்த ஸ்டூலில் தூங்கவில்லை, ஏனென்றால் அவர்கள் முந்தின நாள் அங்கே உட்காரவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லத்தான் நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வாயெடுத்தேன். "அம்மா, ப்ளீஸ்" என்று தட்டோடு எழுந்துபோனாய். இன்று காலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. ஊருக்குப் போகும் முன்னால் ஒரு நாள் அம்மாவைக் கடல் பார்க்க வைக்கலாம் என்று ஆசையாகத்தான் கூட்டி வந்தாய். எனக்கும் ஆசைதான். ஆனால் உன் வகுப்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலையாக அடித்தது, இந்தப் பக்கம் ஏ.சி.யில் எனக்குக் கை விறைத்தது.

காலையில் உன் வகுப்பில் ஒரு நாடகம் போட்டீர்களே, இரண்டு நர்சுகள் மீனவப் பெண்களாக நடித்து, சத்தம் போட்டுப் பேசி, எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "இப்ப நாம எதுக்குச் சிரிச்சோம்?" என்று கேட்டாய். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் பிள்ளை என்று. அடுத்து திரையில் ஒரு வரி போட்டாய்: குடும்பம் என்றால் யார் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், நோயாளியைக் கேளுங்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேகரிடம் யாராவது கேட்டீர்களா? நீ கேட்டாயா? அவனாகவே "எங்க தெரு இருக்குது சார்" என்று சொன்னானாம், அதற்குத்தான் நீ தெரு கையெழுத்துப் போடுமா என்றாயாம். அதே வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சொன்னாய். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் என்று உன்னைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

நீ ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதில் என் கை இருக்கிறது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு கிறிஸ்மஸுக்குக் கருங்குழி போய்விட்டு வந்து, ஸ்கூல் டீச்சரிடம் "இன்னா மிஸ்" என்றுவிட்டாய். அன்று சாயங்காலம் உன் வாயில் அடித்தேன். அழுதுகொண்டே "என்ன, என்ன, என்ன" என்று சொல்லிக் காட்டினாய். அதற்குப்பிறகு நீ தப்பாகப் பேசினதே இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில், சாப்பிடும்போது ஒரு சீனியர் டாக்டர் சிரித்துக்கொண்டே "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டதாக வந்து சொன்னாய். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஊரா அர்த்தம்? நீ "படூர்" என்றாயாம். நான் சிரித்தேன். படூரில் யாருக்கு ஊர், எல்லோரும் ஈ.எம்.ஐ.க்காரர்கள்தானே என்றேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கருங்குழிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் நீ ஒரு பிடி கூடுதல் கண்டிப்பாக இருக்கிறாய் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் ஆள் என்று சலுகை காட்டினான் என்று ஒருத்தன் சொல்லிவிடக்கூடாது. மற்றவனுக்கு வெண்ணெய், நம்மவனுக்குச் சுண்ணாம்பு. காலையில் ஒதுக்கப்பட்ட மக்களைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசினாய், ஒரு இடத்தில்கூட அவர்களில் நானும் ஒருத்தன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று கட்டாயமில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம், உன் உரிமை. அதற்காகச் சேகர் வேலூர் தாண்டிப் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நம்ம ஆளுங்கன்றதால பேசறேன் என்றாயே, ஆமாம், அதனாலும்தான் பேசுகிறேன். எனக்குச் சாய்வு இருக்கிறது. நான் ஒன்றும் தராசு முள் கிடையாது. ஆனால் நீயும் சாய்ந்துதான் நிற்கிறாய், அந்தப் பக்கமாக. நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டு சாய்கிறவனைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று காலையில் நீதான் சொன்னாய்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று நான் சொல்லவில்லை. அவன் மாத்திரை நிறுத்தினால் என்ன ஆகும், திரும்ப ரோட்டுக்குப் போய் லாரிக்கு முன்னால் நின்றால் யார் பதில் சொல்வது என்ற பயம் உனக்கு இருக்கும். இருக்க வேண்டும். அது வைத்தியம், உன் வேலை, அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பகம் எவ்வளவு தூரம் என்று யோசி. காலையில் புறப்பட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியாத இடம். இவர்களிடம் இருப்பது ஆளுக்கு ஒரு நாள் லீவு. அங்கே அனுப்பிவிட்டால் முதல் மாசம் ஒருத்தர் போவார், அடுத்த மாசம் போக முடியாது. அப்போது அங்கே இருக்கிறவர்கள் இவனுக்கு யாருமில்லை என்று எழுதுவார்கள், அது உண்மையாகவும் ஆகிவிடும். சேகருக்கு அது தெரியும். செவ்வாய்க்கிழமை நான் புறப்படும்போது, என்னை யாரென்றே தெரியாமல், "அக்கா, அங்க பஸ்ஸு போவுமா?" என்று கேட்டான்.

சாப்பாட்டு இடைவேளையில் அஞ்சலை போன் பண்ணினாள். பாபுவுக்கு நாளைக்கு லீவு கிடையாதாம். அவன் காவல் பார்க்கிற இடத்தில் வேறொருத்தன் வேலையை விட்டுப் போய்விட்டான், வெள்ளிக்கிழமையும் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லோரையும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "நாளைக்கின்னு பாத்து ஸ்டூலு காலியா கெடக்கப் போவுது. பார்றா, ஒரு நாதி வரலன்னுதான சொல்லுவாங்க" என்று அவள் அழுதாள். அஞ்சலை அழுது நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் பிறந்தவர்களில் வாரம் ஏழு நாளும் லீவாக இருக்கிற ஒரே ஆள் நான்தான். பென்ஷன்காரி. "நான் வர்றேன்டி" என்றேன். அவள், "உம் புள்ளைக்குச் சங்கடம் ஆவாதா?" என்றாள். தன் கஷ்டத்துக்கு நடுவிலும் உன்னைத்தான் கேட்டாள் அவள்.

அதனால் இப்போது நான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ் பிடித்து, அங்கிருந்து கருங்குழி போகிறேன். இன்று ராத்திரி அஞ்சலை வீட்டில் தங்கல். என்னைப் பார்த்து அந்தத் தெரு என்ன சொல்லும் என்று நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாலு பேர் குத்திக் காட்டுவார்கள், குத்தட்டும், வாங்கிக்கொள்கிறேன். காலையில் நீலக் கூடையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். உன்னை நாலு பேர் முன்னால் மாட்டிவிட வேண்டும் என்று நான் வரவில்லை. அப்படி நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதாமலே வந்திருப்பேன். உனக்கு ஒரு ராத்திரி அவகாசம் இருக்கிறது. நாளைக்கு ரவுண்ட்ஸை வேறு டாக்டரிடம் கொடுத்துவிடலாம். சொந்தம் இருக்கிறது, நான் இந்த முடிவை எடுக்கக்கூடாது என்று உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடலாம், அதுவும் முறையான வழிதான். என்னைத் தெரியாதவன் மாதிரி கடந்துபோனாலும் நான் வாய் திறக்க மாட்டேன், சத்தியமாக. வலிக்கும், ஆனால் திறக்க மாட்டேன். ஒன்று மட்டும் செய். போகும் முன்னால் சேகர் பக்கம் திரும்பி, உனக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேள். அவன் வரிசையாகச் சொல்வான். இடையில் நிறுத்தாமல் கேட்டுக்கொள்.

கார் சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது. உன் பேக்கில் தயிர் சாதம் வைத்திருக்கிறேன், ரிசார்ட் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது. மைக் சத்தம் நின்றுவிட்டது, கைதட்டுகிறார்கள். நீ வெளியே வருவதற்குள் நான் கிளம்ப வேண்டும்.

நாளைக் காலை நீ வந்து நிற்கும்போது அந்த ஸ்டூல் காலியாக இருக்காது. என் காலடியில் கூடை இருக்கும். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே என்னிடமும் கேள், நீங்க யாரு இவருக்கு என்று. உன் வாயில் அடித்து மறக்கடித்த அதே பேச்சில் எழுந்து நின்று சொல்கிறேன்: "எதிர் வூடுங்க, டாக்டர்."

அம்மா